தோட்டக்காரரை அனுப்பிவிடுமுன்



தென்னாட்டிலிருந்து டெல்லிக்கு வந்து குடியேறும் நம்மவர்கள் முதல் குளிர்காலத்தில் ஒரு காட்சியைக் கண்டு திகைப்பதுண்டு. தீபாவளி வரையில் பச்சைப்பசேல் என்றிருந்த புல்தரை, டிசம்பர் முடிவதற்குள் வைக்கோல் நிறமாகிவிடும். தண்ணீர் ஊற்றினாலும் பச்சை திரும்பாது. யூரியா தூவினாலும் திரும்பாது. புல் செத்துவிட்டது என்றே முடிவுகட்டிவிடுகிறோம்.

அது சாகவில்லை. இங்குள்ள புல்தரைகளில் பெரும்பாலானவை, ‘தூப்’ என்று இவ்வூர் ஜனங்கள் அழைக்கும் நம்முடைய அருகம்புல்லே. அது வெப்பத்தை நாடும் புல். குளிர் கடுமையாகும்போது வளர்ச்சியை நிறுத்தி, இலைகளைக் காயவிட்டு, தன் உயிரை மண்ணோடு ஒட்டிய தண்டுகளில் காத்துக்கொள்ளும். உங்களுக்குச் சந்தேகமிருந்தால் ஒரு கொத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். வேர் பிடிவாதமாய் நிற்கிறதா? ஓடுதண்டை நகத்தால் சுரண்டினால் உள்ளே வெண்மையாய் ஈரமாய் இருக்கிறதா? அப்படியானால் அது உறங்குகிறது. கையோடு வந்துவிட்டு, உள்ளேயும் சருகாய் இருந்தால்தான் செத்தது.

இந்தச் சிறிய சோதனையை ஒருவரும் செய்து பாராததினால், எங்கள் கிழக்கு டெல்லிக் குடியிருப்பில் ஒரு மனிதர் பிழைப்பை இழக்க இருந்தார். 2023 ஜனவரியில் கூடிய குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், தோட்டக்காரரை நிறுத்திவிட்டு, ஒப்பந்தக்காரர் ஒருவரைக்கொண்டு முழுவதும் புதுப்புல் பதிப்பதென்று பேசப்பட்டது. அவர் பீகாரிலிருந்து வந்து பன்னிரண்டு ஆண்டுகளாய் எங்களுக்குப் பணிசெய்பவர். மோட்டார் அறையை ஒட்டிய சிறு அறையே அவருக்கு வீடு; வேலை போனால் அதுவும் போகும். சோம்பேறி என்று சிலர் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அவர் மறுமொழி பேசாமல் நின்றார்.

வேதாகமக் கல்லூரியில் நான் பயின்ற நாட்களில், பிற்பகல்தோறும் ஒரு மணி நேரம் தோட்டவேலை எங்களுக்குக் கட்டாயமாயிருந்தது. அங்கே புல்லோடு பழகிய பழக்கத்தினால், “ஹோலிப் பண்டிகை வரைக்கும் பொறுங்கள், அதன்பின் எது செத்தது, எது பிழைத்தது என்று பார்க்கலாம்” என்று கேட்டுக்கொண்டேன். அரைமனதோடு இணங்கினார்கள். (ஜனவரி மாதத்தில் டெல்லியில் அருகம்புல் பதித்துத் தருகிறேன் என்று சொல்லுகிறவரிடம் நீங்கள் முன்பணம் கொடாதிருப்பது நலம்.)

மார்ச் முடிவுக்குள் தரையின் பெரும்பகுதி பச்சையாயிற்று. மூன்று இடங்கள் மாத்திரம் வெறுமையாய் நின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே நோய் போலவே தோன்றும். ஆனால் ஒவ்வொன்றின் காரணமும் வேறு.

முதலாவது இடம் மதிலோரம். மண்ணின்மேல் வெள்ளைப் பூப்போல உப்புப் படிந்திருந்தது. கீழ்த்தள வீடொன்றின் ஆர்.ஓ. கருவியிலிருந்து வெளியேறும் தண்ணீரை, வீணாக்கக் கூடாதே என்ற நல்லெண்ணத்தோடு, ஒரு குழாய் வழியாகப் புல்லுக்கு விட்டிருந்தார்கள். சாதாரணமாக ஒரு லிட்டர் குடிநீருக்கு ஏறக்குறைய மூன்று லிட்டர் கழிவுநீர் வெளியேறும். வடிகட்டப்பட்ட உப்பெல்லாம் அதில்தான் இருக்கும். அதை நாள்தோறும் ஒரே இடத்தில் ஊற்றினால் எந்தப் புல்லும் தாங்காது. தோட்டக்காரர் இதை இரண்டுமுறை எடுத்துச் சொல்லியும் ஒருவரும் செவிகொடுக்கவில்லை என்பது அப்போதுதான் தெரியவந்தது. இப்பொழுது அந்தத் தண்ணீர் வாளியில் பிடிக்கப்பட்டு, படிக்கட்டு கழுவப் பயன்படுகிறது. மேலே படிந்த உப்பைச் சுரண்டி எடுத்து, நல்ல தண்ணீரைத் தேங்கவிட்டு, சில நாள் இடைவெளியில் நான்குமுறை ஊறவைத்தோம்.

இரண்டாவது இடம் வாசலருகே. இதற்கு நீண்ட திருப்புளி ஒன்றே போதுமானதாயிருந்தது. தண்ணீர் பாய்ச்சிய மறுநாள் மற்ற இடங்களில் அது ஆறு அங்குலம் எளிதாய் இறங்கியது. இங்கே இரண்டு அங்குலத்தில் ‘டக்’கென்று நின்றது. தோண்டிப் பார்த்தால் உடைந்த செங்கல், சிமெண்ட் கட்டி, ஓட்டுத் துண்டுகள்! எப்போதோ வீடு புதுப்பித்தவர்கள் ‘மல்பா’வை அங்கே கொட்டி, மேலே மண்ணைப் பரப்பிப் பூசிவிட்டிருக்கிறார்கள். அந்த மெல்லிய மண் வெயிலில் ஒரே நாளில் காய்ந்துவிடும். பதினொரு சாக்கு இடிபாடுகளை அகற்றி, மண்ணும் மட்கிய எருவும் கலந்து நிரப்பினோம். வெறும் நடைபாதையினால் மண் இறுகியிருந்தால் இத்தனை பாடு வேண்டியதில்லை. இரும்புக் கம்பியால் நெருக்கமாய்த் துளையிட்டு, மணலும் எருவும் தூவினால் போதும்.

மூன்றாவது இடம் ஏழிலைப்பாலை மரத்தடி. ஒரு விடுமுறை நாளில் மணிக்கொருமுறை சென்று பார்த்ததில், அங்கே நேர் வெயில் விழுவது இரண்டரை மணி நேரம் மாத்திரமே. அருகம்புல்லுக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும். இதற்கு உரமோ மருந்தோ கிடையாது. மரத்தை வெட்டலாம் என்றார் ஒருவர். 1994ஆம் ஆண்டின் டெல்லி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதியின்றி மரம் வெட்டுவது குற்றமென்று நினைப்பூட்டவேண்டியதாயிற்று. புல்லை மறந்து, அங்கே ஒரு பெஞ்சு போட்டோம்; முதியவர்களுக்கு அது மிகவும் பிரியமான இடமாகிவிட்டது.

ஜூலையில் மழை இறங்கியதும் நடவு. இதில் எங்கள் தோட்டக்காரருடைய கைத்திறனைக் கண்டேன். நன்றாய் வளர்ந்த பகுதியிலிருந்து ஓடுதண்டுகளை எடுத்து இரண்டங்குலத் துண்டுகளாய் நறுக்கி, பசுஞ்சாணமும் மண்ணும் தண்ணீரும் சேர்த்துக் கூழாய்ப் பிசைந்து, ஈரத்தரையில் ஓரங்குல கனத்துக்குப் பூசி, மேலே மெல்லியதாய் மண் தூவினார். புல் விலைக்கு வாங்கவே இல்லை. பிள்ளைகள் மிதிக்காதபடி கயிறு கட்டினோம். ஆகஸ்டு நடுவில் தரை மூடிக்கொண்டது. முதல் வெட்டில் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்குமேல் அவர் எடுக்கவில்லை. ஒட்ட வெட்டினால் இளம்புல் வெந்துவிடும் என்றார்.

அந்த மாதமே வேறொரு மூலையில் மைனாக்கள் கூட்டமாய்க் கொத்திக்கொண்டிருப்பதை முதலாவது கண்டவரும் அவரே. அங்கே புல்லைப் பிடித்து இழுத்தால் பாய் சுருட்டுவதுபோல் உரிந்து வந்தது. அடியில் அரைவட்டமாய்ச் சுருண்ட கொழுத்த வெண்புழுக்கள். வேரைத் தின்பவை இவைகளே. இவற்றின் தாய்வண்டுகள் முதல் மழைக்குப் பின் இரவில் வேப்பிலை தின்ன வரும். அந்நேரம் கிளைகளை உலுக்கி, விழும் வண்டுகளை மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடுவது நல்லது. புழு வந்தபின் கையால் பொறுக்கினோம். மீதியை மைனாக்கள் பார்த்துக்கொண்டன.

செப்டம்பர் கூட்டத்தில் புதுப்புல் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. தோட்டக்காரருடைய சம்பளத்தை உயர்த்தும் தீர்மானமோ மூன்று கூட்டங்கள் தள்ளிப்போய், 2024 பிப்ரவரியில்தான் நிறைவேறிற்று. அன்றைக்கும் புல்தரை வைக்கோல் நிறமாகவே இருந்தது.