துளசிக்கு, சாவகச்சேரியிலிருந்து

அன்புள்ள பிள்ளை துளசிக்கு,

அம்மாவின்ரை முழங்கால் நோ கொஞ்சம் குறைஞ்சிருக்கு, ஆனால் நீ கோல் எடுக்கிறேல்லை எண்ட கவலை குறையேல்லை. ஆராய்ச்சி ஆராய்ச்சி எண்டு நேரத்துக்குச் சாப்பிடாமல் திரியிறாய் போலை கிடக்கு. போன கிழமை வீடியோவிலை பார்க்கேக்கை கண் ரெண்டும் உள்ளுக்குப் போய்க் கிடந்தது. கறுத்தக்கொழும்பான் மாங்காய் பழுக்கத் தொடங்கீட்டுது. நீ இல்லாமல் வெட்டிச் சாப்பிட மனம் வருகுதில்லை.

நீ அனுப்பின அத்தியாயத்தை ஆறுதலாய் இருந்து வாசிச்சனான். வடிவாய் எழுதியிருக்கிறாய் பிள்ளை. பொக்டானொவ் எண்ட ரஷ்ய வைத்தியர், உயிர்களுக்கும் யந்திரங்களுக்கும் மனிச சமூகத்துக்கும் பொதுவாய் ஒழுங்கமைப்பு விஞ்ஞானம் ஒண்டு வேணும் எண்டு 1913 இலேயே புத்தகம் போடத் தொடங்கினவர் எண்டது எனக்குப் புதுசு. பேர்ட்டலன்ஃபியின்ரை 1968 ஆம் ஆண்டுப் பொது அமைப்புக் கோட்பாட்டுப் புத்தகத்துக்கு எவ்வளவு முதல்! ஆனால் எறும்புப் புத்திலையிருந்து மனிசர் கூட்டத்துக்கு ஒரே பாய்ச்சலாய்ப் பாயிறாய் பார், அதிலைதான் எனக்கும் உனக்கும் சண்டை.

எங்கடை பின்வளவு மாமரத்திலை முசுறு எறும்பு கூடு கட்டுறதை நீயும் பார்த்திருக்கிறாய். இலை விளிம்பு எட்டாட்டில் ஒண்டின்ரை இடுப்பை மற்றது கவ்விப் பிடிச்சுச் சங்கிலி மாதிரி நிண்டு இழுக்கும். ரெண்டு இலையும் கிட்ட வந்ததும் வேறை கொஞ்சம் தங்கடை புழுக்களை வாயிலை தூக்கிக்கொண்டு வந்து, அங்கையும் இஞ்சையும் ஆட்டி, புழு விடுற பட்டு நூலாலை இலையை ஒட்டும். மேற்பார்வைக்கு ஒருத்தரும் இல்லை. விலங்கியலாளர் கிராஸே கறையானைப் பார்த்து 1959 இலை எழுதினது, செய்து வைச்ச வேலையே அடுத்த வேலையைச் சொல்லும் எண்டது, இதுக்கும் பொருந்தும் எண்டு நீ சொல்லுறாய். சரிதான். ஆனால் எந்த முசுறும் பொதுக்கூட்டத்திலை எழும்பி நிண்டு "தலைவர், இந்தக் கணக்கு எனக்கு விளங்கேல்லை" எண்டு கேக்காது. நான் கூட்டுறவுச் சங்கத்திலை வேலை செய்த காலம் முழுக்கக் கண்டது, அந்தக் கேள்வி இருக்குமட்டுந்தான் சங்கத்துக்கு உயிர் எண்டதை.

அதோடை, சமூகத்தை ஒரு உடம்பு எண்டு சொல்லுறவை கொஞ்ச நேரத்திலை ஆர் தலை, ஆர் கால் எண்டும் சொல்லிப்போடுவினம். யாழ்ப்பாணத்திலை அதுக்கு என்ன அர்த்தம் எண்டு உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1970களிலை சீவல் தொழிலாளர் தங்களுக்கெண்டு கூட்டுறவுச் சங்கங்கள் வைச்சு, தவறணைக் குத்தகைக்காரரை விட்டு விலகித் தங்கடை கள்ளைத் தாங்களே விக்கத் தொடங்கினவை. கால் எண்டு சொல்லப்பட்டவை எழும்பிக் கணக்குக் கேட்டிச்சினம். உன்ரை அத்தியாயத்திலை இதுக்கு ஒரு வரி இல்லை. எனக்கு அது மனவருத்தந்தான்.

கோப்பும் சட்டமுமாய் நடக்கிற நிர்வாகத்தைப் பற்றி எழுதின வெபரையும் நீ "இரும்புக் கூடு" எண்டு ஒரு பந்தியிலை தள்ளிப்போட்டாய். ஆனால் இஞ்சை சண்டையாலை வந்த பொருளாதாரத் தடைக் காலத்திலை நிவாரணச் சாமானுக்கு விடிய வெள்ளன வரிசை நிக்கும். இடாப்பிலை பேர், கூப்பன் நம்பர், குடும்பத்திலை எத்தினை பேர், அவ்வளவுந்தான். சொந்தக்காரர் வந்தாலும் அதே அளவு சீனி. அந்த இடாப்பு இல்லாட்டில், கேக்க ஆளில்லாத கிழவிகளுக்கு ஒண்டும் மிஞ்சியிராது. கோப்பும் சட்டமும் ஏழைக்கும் காவல் எண்டதை எழுது மோனை.

அமைப்புகளைப் பற்றி எழுதின சைமன் 1962 இலை சொன்ன ரெண்டு மணிக்கூட்டுக்காரரின்ரை கதையை நீ எழுதின இடந்தான் எனக்கு நல்லாய்ப் பிடிச்சது. ஒருத்தர் ஆயிரம் துண்டையும் ஒரேயடியாய்ப் பொருத்துறவர். இடையிலை எழும்பினால் எல்லாம் கொட்டுண்டு போகும். மற்றவர் பத்துப் பத்தாய்ப் பொருத்தி வைக்கிறவர்; குழப்பம் வந்தாலும் கடைசிப் பத்து மட்டுந்தான் போகும். இதுக்கு நீ ஏன் அமெரிக்கக் கொம்பனியை உதாரணம் தேடுறாய்? 2000 ஆம் ஆண்டுச் சண்டையிலை எங்கடை பட்டினம் கல்லும் மண்ணுமாய்ப் போச்சுது. தென்மராட்சிச் சனம் வடமராட்சி, வலிகாமம் எண்டு சிதறினது. 2002 இலை போர்நிறுத்த உடன்படிக்கை வந்து ஆக்கள் திரும்பேக்கை முதல் எழும்பினது எது தெரியுமோ? மரணச் சகாய சங்கம். பிறகு கோயில் பரிபாலன சபை. சனசமூக நிலையத்துக்குக் கட்டடம் இல்லை, வேம்புக்குக் கீழை ஒரு வாங்கு, அதிலை அண்டைக்குப் பேப்பர். பெரிய அமைப்புகள் நிமிர எவ்வளவு காலம் எடுத்தது! சின்னனாய், தன்ரை காலிலை நிக்கிறதாய் இருந்ததுதான் தப்பினது.

அதாலைதான் 1971 ஐப் பற்றி எனக்கு இண்டைக்கும் ஆறேல்லை. அதுக்குக் கொஞ்சம் முதல் கனடாக்காரர் லெய்ட்லோ தலைமையிலை ஒரு ஆணைக்குழு வந்து, சின்னக் கூட்டுறவுச் சங்கங்களை ஒண்டாக்கினால் பலம் எண்டு சொன்னது. 1971 இலை அரசாங்கமும் ஊர்ச் சங்கங்களை இணைச்சுப் பெரிய பலநோக்குச் சங்கங்களாக்கினது. லொறி வந்தது, கிளைக் கடைகள் வந்தது, மறுக்கேல்லை. ஆனால் அம்மப்பா செயலாளராய் இருந்த காலத்து அறிக்கைப் புத்தகம் என்னட்டை இருக்கு. ஒரு கூட்டத்திலை எண்ணெய் ரின் ஒழுகினதுக்கு ஆர் பொறுப்பு எண்டு பாதிப் பக்கம் விவாதம் எழுதிக் கிடக்கு, கேட்ட ஆளின்ரை பேரோடை. இணைச்ச பிறகு வந்த அறிக்கைகளிலை "ஏகமனதாக ஏற்றுக்கொள்ளப்பட்டது" தான் கூட.

கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தைப் பற்றி நோமன் அப்ஹொஃப் 1992 இலை எழுதின புத்தகத்தைக் கட்டாயம் எடுத்து வாசி. 1980களின்ரை தொடக்கத்திலை அங்கை ஒரே வாய்க்காலிலை தண்ணி எடுக்கிற பத்துப் பதினைஞ்சு கமக்காரரைத்தான் முதல் சேர்த்தவை. அது நிண்ட பிறகுதான் மேலை பெரிய சங்கம். பௌதிகத்திலை வந்த புதுச் சிந்தனைகளை அந்த மனுசன் வயலோடை கொழுவிப் பார்க்கிறார். ஆனால் உன்னைப் போலை பாயிறேல்லை, ஆர் ஆரோடை கதைச்சது எண்டு பார்த்துப் பார்த்துத்தான் போறார். அரசறிவியல் ஆய்வாளர் ஒஸ்ட்ரமுக்கு 2009 இலை நோபல் பரிசு கிடைச்சதும் இப்பிடிச் சின்ன இடங்களைப் பொறுமையாய்ப் படிச்சதுக்குத்தான்.

அத்தியாயத்தைக் கிழிச்சுப் போட்டிடாதை. எறும்பை வைச்சிரு. மனிசர் வாற இடத்திலை கொஞ்சம் மெதுவாய்ப் போ, அவ்வளவுதான்.

ஆவணியிலை வாறனெண்டு சொன்னனீ. கட்டாயம் வா. இணைக்கிறதுக்கு முந்தின சங்கங்களிலை இருந்த பெரியவை ஒரு சிலர் இன்னும் நல்ல ஞாபகத்தோடை இருக்கினம், கூட்டிக்கொண்டு போறன். அம்மப்பாவின்ரை புத்தகத்தையும் பூச்சி அரிக்க முதல் படம் எடுக்கவேணும், உன்ரை நல்ல கமராவைக் கொண்டு வா. அதுக்கு முதல் இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு ஒருக்கா கோல் எடு.

அன்புடன்,
சின்னம்மா