மீன் ரின்னுக்குள் ஒரு இயந்திரம்

1990களின் முற்பாதியில் யாழ்ப்பாணத்தில் வானொலிச் செய்தி கேட்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சைக்கிள் மிதிக்க, மற்றவர் வானொலியின் காதைத் திருக. சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, பின்சில்லில் டைனமோவை அழுத்தி, அதிலிருந்து இரண்டு வயரை இழுத்து வானொலிக்குக் கொடுப்போம். மிதிவேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் அடங்கிவிடும். லண்டன் தமிழோசையும் மணிலாவின் வெரித்தாஸும் இப்படித்தான் எங்கள் முற்றங்களுக்கு வந்து சேர்ந்தன. போரால் மின்சாரம் நின்றுபோயிருந்தது. பொருளாதாரத் தடையால் பற்றரியும் வருவதில்லை. பெற்றோல் இல்லாத மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடின. அந்த மண்ணெண்ணெயும் அரிதாகியபோது ஜாம் போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, கொஞ்சம் எண்ணெய், ஒரு சின்னத் திரி என்று விளக்கைச் சுருக்கினோம். உயர்தரப் பரீட்சைக்குப் படித்தவர்களுக்கும் அந்த வெளிச்சம்தான்.

எங்கள் குடும்பம் 1990இன் நடுப்பகுதியில் தெல்லிப்பழையை விட்டு வெளியேறியது. போர் முடிந்த பிறகு, படையினர் வசமிருந்த காணிகள் பகுதி பகுதியாக விடப்பட்டபோதுதான் திரும்பி வந்தோம். இடைப்பட்ட ஆண்டுகளில் எந்தப் பொருளையும் தூக்கி எறியாத பழக்கம் கைக்கு வந்துவிட்டது. என் வீட்டுப் பின்விறாந்தையில் ஒரு பெட்டி நிறையச் சைக்கிள் கம்பி, பழைய வயர், ஆணி, வெற்று ரின்கள் இருக்கும். 2022இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்று, மார்ச் மாதக் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்ட வேளையில், அக்காவின் மகன் அந்தப் பெட்டியைக் கிளறிக்கொண்டு கேட்டான்: "மாமா, பெற்றோலும் இல்லாமல் கரண்டும் இல்லாமல் ஓடுற மிஷின் ஒண்டும் இல்லையோ?"

"இருக்கு, தம்பி. சூடும் குளிரும் இருந்தால் காணும்."

அப்படித் தொடங்கியதுதான் எங்கள் ஸ்டேர்லிங் இயந்திரம்.

இந்த இயந்திரத்தைப் பற்றி வாசித்தபோது என்னை உலுக்கிய செய்தி ஒன்று உண்டு. 1930களின் இறுதியில் ஒல்லாந்தின் ஐந்தோவன் நகரத்தில் பிலிப்ஸ் கம்பனிக்கு ஒரு சிக்கல் வந்தது. மின்சாரம் எட்டாத ஊர்களிலும் வானொலிப் பெட்டிகளை விற்க வேண்டும். வால்வு வானொலி மின்சாரத்தைக் குடிக்கும். அந்தக் காலத்துப் பற்றரியை நம்ப முடியாது. மண்ணெண்ணெயில் ஓடும், அதிகம் சத்தமில்லாத, வானொலிக்கு இடைஞ்சல் தராத ஒரு சிறிய மின்பிறப்பாக்கி தேவைப்பட்டது. அவர்களுடைய பொறியியலாளர்கள் தேடிப் பிடித்தது, அப்போது ஏறத்தாழ மறக்கப்பட்டிருந்த ஸ்டேர்லிங் இயந்திரத்தை. 1950களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 வாட் தரும் பிறப்பாக்கியைச் செய்தும் முடித்தார்கள். அதற்குள் டிரான்சிஸ்ரர் வந்துவிட்டது. சிறு பற்றரியில் பாடும் வானொலி பிறந்ததும் அந்தப் பிறப்பாக்கிக்கு வேலை இல்லாமற் போயிற்று.

உலகம் தீர்த்துவிட்டதாக எண்ணிய அந்தச் சிக்கல், நாற்பது ஆண்டுகள் கழித்துப் பற்றரி தடைசெய்யப்பட்ட யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தது. எங்களிடம் வெற்று ரின்கள் இருந்தன. பொச்சும் சிரட்டையும் பனைமட்டையும் எரிக்க இருந்தன. கிணற்றில் தண்ணீர் இருந்தது. குறட்டையும் அரத்தையும் பிடிக்கத் தெரிந்த கைகள் எல்லா ஊரிலும் இருந்தன. காற்றைச் சூடாக்கியும் குளிர்வித்தும் ஒரு சில்லைச் சுற்றலாம் என்ற அறிவு மட்டும் எங்கள் முற்றங்களுக்கு வந்து சேரவில்லை. அந்த ஆண்டுகளில் இல்லாமற் போன பொருட்களை எல்லோரும் பட்டியலிடுவார்கள். இந்த இல்லாமையைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

ரொபேட் ஸ்டேர்லிங் ஸ்கொட்லாந்துக்காரர், ஒரு தேவாலயப் போதகர். 1816இல் அவர் இதற்குக் காப்புரிமை விண்ணப்பித்தார். 1818இல் அவருடைய இயந்திரம் ஒன்று அயர்ஷயரில் ஒரு கற்குழியிலிருந்து தண்ணீர் இறைத்தது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டிய பள்ளங்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, கற்குழியில் ஊறும் தண்ணீர் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அதே 1816இல்தான் டானியல் பூவர் என்ற அமெரிக்க மிசனரி தெல்லிப்பழைக்கு வந்து பள்ளி தொடங்கினார். இன்றைய யூனியன் கல்லூரி தன் தொடக்கத்தை அந்த ஆண்டிலிருந்தே கணக்கிடுகிறது. எங்கள் ஊரின் நவீன கல்வியும் இந்த இயந்திரமும் ஒரே வயதுடையவை என்பதை இங்குள்ள ஒவ்வொரு மாணவனும் அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நாங்கள் செய்த முறையைச் சொல்கிறேன். விருப்பமுள்ளவர் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

உடல், 425 கிராம் மீன் ரின். சாம்பல் போட்டுத் தேய்த்தால் வாடை போய்விடும். அதன் அடியில்தான் நெருப்புப் படும். உள்ளே மேலும் கீழும் போய்வர, சட்டி தேய்க்கும் இரும்பு நாரை உருட்டி ஒரு நார்ப்பந்து செய்தோம். உயரத்தில் அது ரின்னின் பாதிக்குச் சற்று மேல். அகலத்தில் சுவரைத் தொடாமல் சுற்றிவர இரண்டு மூன்று மில்லிமீற்றர் இடைவெளி. அதைத் தாங்குவது மீன்பிடிக்கும் தங்கூசி நூல். மேல்மூடியின் நடுவில் ஊசித் துளை போட்டு, நூலை அதனூடாக வெளியே எடுத்து, துளையில் ஒரு துளி எண்ணெய் விட்டோம். நூல் வழுக்கும், காற்று ஒழுகாது. மூடியை ஈயம் உருக்கி ஒட்டினோம். மேற்பகுதியைச் சுற்றி, பெரிய பால்மா ரின்னின் வளையத்தை வெட்டிப் பொருத்திக் கிணற்றுத் தண்ணீர் நிற்கும் தொட்டியாக்கினோம்.

ரின்னின் பக்கத்தில், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, ஒரு துளை. அதில் எஸ்லோன் பைப்பின் முழங்கைத் துண்டு. அதன் வாயில் இழுத்துக் கட்டிய பலூன் தோல். இதுதான் வேலை செய்யும் பிஸ்ரன். மேலே இரண்டு தகட்டுத் தூண்கள், அவற்றின் துளைகளில் சைக்கிள் கம்பியை வளைத்துச் செய்த கிராங்க் தண்டு. அதில் இரண்டு வளைவுகள், ஒன்றுக்கொன்று 90 பாகை விலகியவை. ஒரு வளைவில் தங்கூசி, மற்றதில் பலூனிலிருந்து வரும் கம்பி. தண்டின் நுனியில் சில்லாக, கீறல் விழுந்து பாடாமற் போன பக்திப்பாடல் சீடிகள் இரண்டு. சமநிலைக்கு அவற்றின் ஓரத்தில் நாணயம் ஒட்டினோம். காசு கொடுத்து வாங்கியவை பலூனும் பசையும் மட்டுமே.

மருமகன் கேட்டான்: "மாமா, இதுக்குள்ள என்ன விடுறது?"

"ஒண்டும் விடுறதில்லை. உள்ள இருக்கிற காத்துத்தான் ஓடுறது."

அவனுக்கு நம்ப முடியவில்லை. மெழுகுதிரியைக் கொளுத்தி ரின்னுக்குக் கீழே வைத்து, சில்லை மெல்லத் தட்டிவிட்ட பிறகே நம்பினான்.

ரின்னுக்குள் நடப்பது இதுதான். நார்ப்பந்து மேலே போகும்போது காற்றைக் கீழே, சூடான அடிக்கு அனுப்புகிறது. காற்று விரிந்து பலூனைத் தள்ளுகிறது. நார்ப்பந்து கீழே வரும்போது காற்று மேலே, தண்ணீர் குளிர்விக்கும் பக்கத்துக்குப் போகிறது. அது சுருங்கிப் பலூனை உள்ளே இழுக்கிறது. ஒரே காற்று, வெளியே போகாமல், அங்குமிங்கும் நடந்து சில்லைச் சுற்றுகிறது. ஊஞ்சல் ஆட்டுகிறவர் சரியான கணத்தில் தள்ளினால்தான் அது உயரும். இங்கே அந்தக் கணத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது தண்டிலுள்ள 90 பாகை. அந்தக் கோணம் பெரிதும் தவறினால் எவ்வளவு சூடு கொடுத்தாலும் சில்லு அசையாது.

இரும்பு நாருக்கு இன்னொரு வேலையும் உண்டு. சூடான காற்று மேலே போகும் வழியில் தன் சூட்டின் ஒரு பங்கை நாரில் விட்டுச் செல்கிறது. குளிர்ந்து திரும்பும்போது அதையே எடுத்துக்கொள்கிறது. ஸ்டேர்லிங் 1816இல் காப்புரிமை கேட்டபோது பெரிதாகச் சொன்னது இந்தச் சூட்டுச் சிக்கனத்தைத்தான். ஜாம் போத்தல் விளக்கில் துளித் துளியாக எண்ணெயைச் சேமித்த எங்களுக்கு, ஒருமுறை கொடுத்த சூட்டை வீணாக்காமல் மறுபடி பயன்படுத்தும் இந்த எண்ணம் மிக நெருக்கமானது.

ஓடாமல் நிற்கும் ரின் இயந்திரத்துக்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. காற்று ஒழுகும். இதைக் கண்டுபிடிக்கச் சைக்கிள் கடையில் பங்சர் பார்ப்பதுபோலவே தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி தேடலாம். அல்லது உராய்வு கூடியிருக்கும். தண்டு வளைந்திருந்தாலோ நார்ப்பந்து சுவரில் உரசினாலோ இருக்கிற சொற்ப சக்தி அங்கேயே தீர்ந்துவிடும். மூன்றாவது, குளிர்ந்த பக்கம் குளிராமல் இருப்பது. நெருப்பைக் கூட்டினால் ஓடும் என்றே எல்லோரும் நினைப்பார்கள். சித்திரை வெயிலில் எங்கள் இயந்திரம் வேகம் குறைந்து நின்றபோது மருமகனும் இரண்டாவது மெழுகுதிரியைத் தேடினான். நான் தொட்டியில் சூடேறியிருந்த தண்ணீரை ஊற்றிவிட்டுக் கிணற்றிலிருந்து புதுத் தண்ணீர் விடச் சொன்னேன். சில்லு மறுபடி சுற்றியது.

சூடு மட்டும் சக்தியைத் தராது, சூட்டுக்கும் குளிருக்கும் உள்ள வித்தியாசமே தரும் என்பது வெப்ப இயக்கவியலின் அடிப்படை. 1824இல் பிரான்சில் சாடி கார்னோ எழுதியது அதைத்தான். ரின்னின் அடி 200 பாகை செல்சியஸ், தண்ணீர் 30 பாகை என்று வைத்துக்கொண்டால், கொடுத்த சூட்டில் அதிகபட்சம் 36 சதவீதத்தையே வேலையாக மாற்ற முடியும். எந்த மேதையாலும் அந்த எல்லையைத் தாண்ட முடியாது. எங்கள் ரின்னோ ஒரு சதவீதத்தையும் எட்டாது. ஒரு மெழுகுதிரி ஏறத்தாழ 80 வாட் சூடு தரும். அதில் சில்லுக்கு வந்து சேர்வது ஒரு வாட்டிலும் சிறு பின்னம். இந்த ரின்னால் வானொலியைப் பாடவைக்க முடியாது என்பதையும் மருமகனுக்குச் சொன்னேன். பிள்ளைகளுக்குப் பொய் நம்பிக்கை கொடுப்பது அறிவியல் ஆகாது.

ஆனால் இதே தத்துவம் பெரிதாகச் செய்யப்பட்டபோது பெரிய வேலைகளைச் செய்திருக்கிறது. மின்விசிறி பரவுவதற்கு முன் மண்ணெண்ணெய் விளக்கின் சூட்டில் சுழலும் விசிறிகள் வெப்ப நாடுகளில் விற்கப்பட்டன. 1980களில் வங்கதேசத்தில் நெல் உமியை எரித்து ஓடும் ஐந்து குதிரைவலு இயந்திரத்தை உருவாக்கினார்கள். சுவீடனின் கொட்லண்ட் வகை நீர்மூழ்கிகள் சத்தமில்லாமல் நீருக்கடியில் நெடுநாள் இருப்பதற்கு ஸ்டேர்லிங் இயந்திரமே துணை. இந்த இயந்திரத்தையே வெளியிலிருந்து சக்தி கொடுத்துச் சுற்றினால் அது குளிரூட்டியாகும். பிலிப்ஸ் அந்த வழியில் காற்றைத் திரவமாக்கும் இயந்திரங்களைச் செய்தது.

தெல்லிப்பழையில் நல்ல பள்ளிகள் உண்டு. யூனியன் உண்டு, 1910இல் பாவலர் துரையப்பாபிள்ளை தொடங்கிய மகாஜனா உண்டு. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஆனால் அவர்களுடைய பின்னேரங்களை ரியூசன் எடுத்துக்கொள்கிறது, கைகளைப் பழைய வினாத்தாள் எடுத்துக்கொள்கிறது. வாயுவைச் சூடாக்கினால் விரியும் என்று எழுதி முழுப் புள்ளி வாங்கும் பிள்ளை, ஒரு பலூன் தோல் புடைப்பதைக் கண்ணால் கண்டதில்லை. மறுபுறம், தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓடவைத்த கைகளுக்கு, அது ஏன் அப்படி ஓடியது என்று சொல்லித்தரப் புத்தகம் கிடைக்கவில்லை. ஒரு தலைமுறைக்குக் கை இருந்தது, மற்றத் தலைமுறைக்குப் புத்தகம் இருக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் உட்காரவைக்கக்கூடிய, மலிவான, ஆபத்துக் குறைந்த இயந்திரம் இது. கொதிகலன் இல்லை, வெடிக்க எரிவாயு இல்லை. உள்ளே நடப்பது முழுவதையும் சில்லின் ஓட்டத்திலிருந்தே படித்துவிடலாம்.

ஆகவே விஞ்ஞான ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வெப்பம் பற்றிய பாடம் வரும் தவணையில் வகுப்புக்கு நான்கு மீன் ரின்கள் கொண்டுவரச் சொல்லுங்கள். ஊரில் சைக்கிள் திருத்துகிறவர் ஒருவரையும் அன்று வகுப்புக்கு அழையுங்கள். தண்டை வளைக்க அவருக்குத் தெரியும், அது ஏன் 90 பாகை என்று உங்களுக்குத் தெரியும். பெற்றோரே, பழைய இரும்பு வாங்க வருகிறவரிடம் எல்லாவற்றையும் நிறுத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு பெட்டி அளவேனும் பிள்ளைக்கு விட்டுவையுங்கள். இனியொரு தடையோ தட்டுப்பாடோ வந்தால், பொருள் இல்லாமல் நாம் இருக்கலாம். அறிவு இல்லாமல் இருக்கக் கூடாது.