மலை யார் கணக்கில்?

அரூரில் சித்தேரி மலைக்கு பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு வயிறு தனியாகத் திரும்பியது. நான் பி.காம். ஆசாமி, எதைப் பார்த்தாலும் அசெட்டா, லயபிலிட்டியா என்றே புத்தி போகும்.

பக்கத்தில், சாமை விற்ற காலிச் சாக்கோடு ஒரு மலையாளிப் பெரியவர். (கேரளா இல்லை சார், இந்த மலையின் பழங்குடி!)

"அரூர், ஊத்தங்கரைப் பக்கம் பாறையில மாலிப்டினம் இருக்காம் ஐயா. எஃகை உறுதியாக்குற உலோகம்" என்று அளந்தேன். 2023 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதன் ஏலம் மத்திய அரசு கையில்.

"இருக்கட்டும் தம்பி. நம்மளைக் கேட்டுட்டுத் தோண்டுவாங்களா?" அடிவாரத்து வாச்சாத்தியைக் கை காட்டினார். "சந்தனக்கட்டை தேடி வந்தவங்க கேட்டாங்களா?"

1992-ல் அரசு ஆட்களே அந்த ஊரைச் சூறையாடினார்கள். தண்டனை வந்தது 2011-ல்.

ஒடிசாவின் நியமகிரியில் மட்டும் கேட்டார்கள். சுப்ரீம் கோர்ட் சொல்லி, 2013-ல் 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டுமே பாக்ஸைட் சுரங்கம் வேண்டாமென்றன. தமிழ்நாட்டிலோ ஐந்தாவது அட்டவணைப் பகுதி ஒன்றுகூடக் கிடையாது. கையிலிருப்பது 2006 வன உரிமைச் சட்டமும் கிராம சபையும்தான்.

பெரியவர் இறங்கிப் போனார். மலையை அசெட் பக்கம் எழுதிவிடலாம். யார் கணக்கில் என்பதுதான் டேலி ஆகவில்லை!