ஷாம்பு போட்ட தலைகள்

நியூரோசயின்ஸ் ஆராய்ச்சின்னதும் உங்களுக்கு என்ன தோணும்? வெள்ளை கோட், மைக்ராஸ்கோப்? ஈசிஇ மூன்றாம் ஆண்டு படிக்கிற நான் ஆறு மாசமா செய்யறது, ஹாஸ்டல் பசங்க தலையில ஜெல் தடவறதுதான்.

ஈஈஜி எடுக்க மண்டைத் தோல்ல எலக்ட்ரோடு வைக்கணும். அங்கே கிடைக்கிற சிக்னல் ரொம்பச் சின்னது. ஒரு பென்சில் பேட்டரியோட வோல்டேஜை லட்சம் பங்கா பிரிச்சா வர்ற ஒரு பங்கு அளவு. தலையில தேங்காய் எண்ணெய் இருந்தா அதுவும் ஒழுங்கா வராது. அதனால "ஷாம்பு போட்டுக் குளிச்சிட்டு வாடா"ன்னு முந்தின நாளே கெஞ்சணும். கூலி, கேன்டீன்ல ஒரு டீ, ரெண்டு சமோசா. கண் சிமிட்டினா திரையில ஒரு மேடு, பல்லைக் கடிச்சா ஒரே இரைச்சல், போதாததுக்கு கரண்ட் லைனோட 50 ஹெர்ட்ஸ். நாட்ச் ஃபில்டர் எதுக்குன்னு எனக்குப் புரிஞ்சது வகுப்புல இல்லை, இங்கேதான்.

ஆனா பாருங்க, "கண்ணை மூடு"ன்னு சொன்ன கொஞ்ச நேரத்துல பின்மண்டைப் பக்கம் 8 முதல் 13 ஹெர்ட்ஸுக்குள்ள ஆல்ஃபா அலை எழும்பி வரும். 1929-ல் ஹான்ஸ் பெர்கர் எழுதி வெளியிட்ட அதே அலை, என் ரூம்மேட் தலையில! அன்னைக்கு மெஸ்ல என்ன சாப்பிட்டேன்னே நினைவில்லை.

பிளேஸ்மென்ட் பயிற்சியும் அதே சாயங்காலங்கள்லதான். "இதுக்கு வேலை கிடைக்குமாப்பா?"ன்னு அப்பா போன்ல கேட்கிறார். என்கிட்ட பதில் இல்லை. இப்போதைக்கு செவ்வாய், வியாழன் ஆப்டிட்யூட், மத்த நாள் லேப்.

இன்னும் எட்டுப் பேர் வேணும். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு, ஈசிஇ பிளாக் ரெண்டாவது மாடிக்கு வாங்க.