பாலத்திலிருந்து பியர் வரை

மன்னார் தீவில் மலை கிடையாது. மேடு என்று சொல்லக்கூடியவை இரண்டுதான்: கரையோர மணல்மேடு, ரயில் பாதைக்குப் போட்ட அணை. அதனால் இங்கே மவுண்டன் சைக்கிள் வைத்திருப்பவனைப் பார்த்து ஊர் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. “எந்த மலைக்குத் தம்பி வெளிக்கிட்டனீங்கள்?” என்று பேசாலையில் தேத்தண்ணி ஊற்றும் ஐயா எங்களைக் காணும்போதெல்லாம் கேட்பார். ஆனால் அந்தச் சைக்கிளின் தடித்த ரயர் மலைக்கென்றே பிறந்ததல்ல. 1970களில் கலிபோர்னியாவின் தமல்பைஸ் மலைச்சரிவில் சில இளைஞர்கள் மண்பாதையில் உருட்டிவிட்டவை, பத்திரிகை போடும் பையன்கள் ஓட்டிக் கழித்த பழைய பாரச் சைக்கிள்கள்தான். ஒவ்வோர் இறக்கத்துக்கும் பிறகு பின்சில்லுப் பிரேக்கின் கிறீஸ் எரிந்து புகையும். கழற்றித் திரும்ப அடைத்துக்கொண்டு மறுபடி மேலே ஏறுவார்கள். கரியரில் மீன்பெட்டி கட்டிக்கொண்டு பனங்காட்டு மணலில் உழக்கும் எங்கள் மீன்காரருக்கு அவர்கள் ஒன்றுவிட்ட சகோதரர்கள்.

எங்கள் ஓட்டம் ரயில் பாதையை ஒட்டியது. பாலத்தடியிலிருந்து தலைமன்னார் பியர் வரை 30 கிலோமீற்றரை எட்டாது. ஏ14 வீதியில் போனால் இரண்டு மணித்தியாலமே அதிகம். நாங்கள் தாரில் போவதில்லை. தண்டவாளத்தின் மேலும் ஏறுவதில்லை. அது குற்றம், சல்லிக்கல்லில் சைக்கிளும் நிற்காது. அணையின் ஓரத்தில் ஆடும் மாடும் ஆளும் நடந்து விழுந்த ஒற்றையடிப் பாதை ஒன்று விட்டுவிட்டு ஓடுகிறது. அது அறும் இடத்தில் பனங்காட்டுக்குள் இறங்குவோம், கடற்கரைக்குப் போவோம், திரும்பவும் அணைக்கு வருவோம்.

கூட்டத்தில் ஒரு வாத்தியார், எருக்கலம்பிட்டி நானா ஒருவர், பேசாலைக் கடற்றொழிலாளி வீட்டுப் பொடியன் ஒருவன், நான். பிறகு சீசர். எந்தச் சாதியென்று சொல்லமுடியாத செம்மறி நிற நாட்டு நாய். பேசாலைப் பொடியன் அதற்காகக் கரியரில் பிளாஸ்ரிக் மீன்பெட்டி ஒன்றைக் கட்டியிருக்கிறான். தார் வரும் இடமெல்லாம் சீசர் பெட்டிக்குள். மணல் வந்ததும் கீழே. எத்தனை முறை கழுவினாலும் போகாத சூடைமீன் மணம் அந்தப் பெட்டியில் இருப்பதால் ஏறச் சொல்லிக் கெஞ்சவேண்டியதில்லை, இறங்கச் சொல்லித்தான் கெஞ்சவேண்டும். நாயோடு போவதென்றால் வெயிலுக்கு முன் போகவேண்டும். ஒன்பது மணிக்குப் பிறகு தாரில் புறங்கையை வைத்துப் பார்த்தால் தெரியும், அதன் பாதம் என்ன பாடுபடுமென்று. ஆகவே கிழக்கு வெளுக்கும்போது பாலத்தில் நிற்போம்.

பெருநிலத்திலிருந்து கடலை ஊடறுத்து வரும் அணைவீதியும் பாலமும் 3 கிலோமீற்றர் அளவு. 1930இல் கட்டிய பாலத்தை 1990இல் புலிகள் தகர்த்தார்கள். இருபது வருடம் இரும்புப் பாலம் ஒன்றுதான் தீவைப் பிடித்து வைத்திருந்தது. யப்பான் உதவியில் கட்டிய இப்போதைய பாலம் 2010 மார்ச்சில் திறந்தது. தெற்கே வங்காலைப் பறவைகள் சரணாலயம். அதே 2010இல்தான் அது ராம்சார் ஈரநிலமானது. பூநாரை வந்திருக்கும் மாதங்களில் சேற்று நீர் தூரத்தில் வெளிறிய சிவப்பாகத் தெரியும். இந்த இடத்தைத் தாண்டும்வரை சீசர் பெட்டிக்குள் கட்டித்தான் இருக்கும், தார் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

பாலம் முடிந்தவுடன் கோட்டை. 1560இல் போர்த்துக்கேயர் கட்டியது, 1658இல் ஒல்லாந்தர் பிடித்தது. இப்போது அதன் நிழலில் கழுதைகள். மன்னாரில் கழுதைக்குச் சொந்தக்காரர் இல்லை. முன்பு பொதி சுமந்தவற்றின் சந்ததி, இன்று பஸ் நிலையத்திலும் சந்தையிலும் தன்பாட்டுக்குத் திரிகிறது. கழுதைக்கும் நாய்க்கும் ஆகாது. சீசர் ஒருதரம் உதை வாங்கிப் படித்துவிட்டது. கழுதையைக் கண்டால் என் பின்சில்லுக்குப் பின்னால் வந்து, உலகத்தில் வேறு அலுவல் இருப்பதுபோல முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்ளும்.

நகருக்குள் நிற்கவேண்டிய இடங்கள் இரண்டு. பள்ளிமுனைப் பெருக்கமரம் ஒன்று. அரபு வணிகர் கொண்டுவந்து நட்டதென்று சொல்வார்கள், உயரம் 7.5 மீற்றர், சுற்றளவு 19.5 மீற்றர். மரம் என்பதைவிடப் பருத்த சாம்பல் நிறச் சுவர் என்றால் பொருந்தும். மற்றது, நகரத்தின் வாசலில் சதொச கட்டடத்துக்கென்று 2018இல் மண் வெட்டிய இடம். முந்நூறுக்கும் மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் அங்கே கிடந்தன, குழந்தைகளுடையதும் சேர்த்து. வேலிக்கு அப்பால் பார்க்க ஒன்றுமில்லை. நாங்களும் அங்கே நின்று ஒன்றும் பேசுவதில்லை.

தோட்டவெளிக்குப் பிறகுதான் மணல். மன்னார் மணலில் சைக்கிள் ஓடுவதற்குப் பலத்தைவிடக் கண் வேண்டும். காய்ந்த மணல் மணிக்கு மணி ஒட்டாது. சில்லுக்குக் கீழே விலகிக் கொடுக்கும். கொஞ்சம் ஈரம் பட்டால் மணிகளுக்கிடையே தண்ணீர் இழுத்துப் பிடிக்கும், தார்போல இறுகும். ஈரம் கூடினால் திரும்பவும் கூழ். கடற்கரையில் அந்த நடுத்தரமான பட்டை, அலை வந்து திரும்பும் கோட்டுக்குச் சற்று மேலே கிடக்கும். இந்தக் கடலில் வற்றும் பெருக்கும் ஒரு மீற்றருக்குள்தான், ஆகவே பட்டையும் ஒடுக்கம்: இரண்டு சைக்கிள் பக்கத்தில் பக்கத்தில் போனால் ஒன்று நனையும்.

தாரில் 40 இறாத்தல் காற்று வைத்திருந்தால் இங்கே பாதிக்கும் கீழே இறக்குவோம். வாத்தியாரிடம் மானி இருக்கிறது. நானா பெருவிரலால் ரயரை அமத்திப் பார்த்து “போதும்” என்பார். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வருவதில்லை, அது வாத்தியாருக்குக் கவலை. பிறகு ஆசனத்தில் பின்தள்ளி இருந்து, ஒரே சீராக உழக்கவேண்டும். ஹாண்டிலை வெட்டினால் முன்சில்லு உழத் தொடங்கிவிடும். பிரேக் பிடித்தால் அந்த இடத்திலேயே ஊன்றிவிடும்.

பனங்காட்டுக்குள் சட்டம் வேறு. அங்கே கழுதை விட்டை கிடக்கும் வழியே போகவேண்டும். அவை வரிசையாகத்தான் நடக்கும், அதனால் அந்த ஒரு தடம் மட்டும் இறுகிக் கிடக்கும். விழுந்து காய்ந்த கருக்குமட்டை ரயரின் விலாவைக் கிழிக்கும். உடைமரத்து முள் ரியூப் வரை போகும். கரைக்குக் கிட்டப் போனால் அடம்பன் கொடி படர்ந்த இடம் நல்லது, வேர் மணலைக் கட்டி வைத்திருக்கும். இராவணன் மீசை நிற்கும் இடம் சைக்கிளுக்கு மோசமில்லை, நாய்க்கு மோசம். சீசர் மூன்று காலில் நின்று நாலாவது காலைத் தூக்கிக் காட்டினால் எல்லோரும் இறங்கவேண்டியதுதான். மீன்வலை பொத்தும் ஊசியை வைத்து முள்ளெடுப்பதில் பேசாலைப் பொடியன் கெட்டிக்காரன்.

அவனுடைய அண்ணன்மார் சைக்கிள் பழகியது ரயில் அணையில். 1914இல் திறந்த பாதை 1990இல் நின்றது. வடக்கில் எங்கும்போலத் தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. இந்தியாவின் இர்கோன் நிறுவனம் திரும்பப் போட்டு, 2015 மார்ச் 14இல் நரேந்திர மோடி தலைமன்னாரில் கொடியசைக்கும் வரைக்கும் அந்த அணை பிள்ளைகளுடையது. தீவில் ஒரு சைக்கிள் தானாக உருண்டு இறங்கக்கூடிய ஒரே இடம் அதுதானே.

எருக்கலம்பிட்டிக்குத் திரும்பும் சந்தியில் நானா தண்ணீர் குடிக்க நிற்பார். 1990 ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது இந்த ஊரே வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிப் பக்கம் போனது. அவர் அப்போது சின்னப் பிள்ளை. புத்தளத்தில் வளர்ந்து, கலியாணம் முடித்து, பிறகு திரும்பி வந்தவர். “வந்து பாத்தா வீடு இல்ல. கிணறு மட்டும் இருந்திச்சு. வாளியப் போட்டா அதே நல்ல தண்ணி” என்று ஒருநாள் சொன்னார். அதற்குமேல் அவர் சொன்னதுமில்லை, நாங்கள் கேட்டதுமில்லை.

அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான் இந்தத் தீவின் மர்மம். சுற்றிலும் உப்பு. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கிறது. கொஞ்சம் தோண்டினால் நன்னீர், ஆழம் போனால் உவர். பனையும் ஆளும் கழுதையும் இருப்பது அந்த மெல்லிய படையின் தயவில்.

இதே மணலில் இல்மனைற் இருக்கிறது. கடற்கரையில் அலை கழுவிய இடங்களில் கறுப்பு வரியாகத் தெரிவது அதுதான். அவுஸ்திரேலிய நிறுவனம் ஒன்று தீவு முழுக்கத் துளையிட்டுப் பார்த்திருக்கிறது. காற்றாலை வேறு. தெற்குக் கரையில் நடுக்குடாப் பக்கம் போனால் மின்சார சபையின் ‘தம்பபவனி’: 2020 டிசம்பரில் தொடங்கியது, 30 கோபுரங்கள், 103.5 மெகாவாற். அதானி குழுமம் மன்னாரிலும் பூநகரியிலும் கட்டவிருந்த 484 மெகாவாற் திட்டத்திலிருந்து 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. ஆனால் வேறு கோபுரங்கள் வரப்போகின்றன என்றதும் அதே வருடம் ஓகஸ்டில் மன்னார் மக்கள் வீதியில் இறங்கினார்கள். மணல் அகழ்வும் வேண்டாம், புதுக் கோபுரமும் வேண்டாம் என்பது கோரிக்கை.

காற்றாலை வேண்டாமென்று சைக்கிள்காரன் சொன்னால் கொழும்பில் சிரிப்பார்கள். காற்று இங்கே எப்படி என்று எனக்குத் தெரியும். தீவு வடமேற்காக நீண்டு கிடக்கிறது. சோளகம் இடது பக்கத்தால் அடிக்கும், வாடை வலது பக்கத்தால் அடிக்கும். முதுகில் தள்ளும் காற்று தலைமன்னார் போகிறவனுக்கு வருடத்தில் அபூர்வம். அந்தச் சோளகத்தை மின்சாரமாக்குவதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. என் சந்தேகம் கீழே. கோபுரத்துக்குப் போட்ட பாதைகளுக்குப் பிறகு மழைவெள்ளம் முன்போல வடிவதில்லை என்று கரையோரத்தார் சொல்கிறார்கள். எந்த மணல் எதைத் தாங்கும் என்பது நூறு மீற்றருக்கு ஒருதரம் மாறும் தீவு இது. சைக்கிளில் இருபது தரம் இறங்கி ஏறினால் புரிகிற விஷயம், வாகனத்தில் வந்து வரைபடத்தைக் காட்டுகிறவருக்குப் புரியாது. இல்மனைற்றோ, கேட்கவே வேண்டாம். தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் பாத்திரத்தையே அள்ளிக்கொண்டு போகும் யோசனை அது.

பேசாலை. தேத்தண்ணி, மாலுப்பணிஸ், மலைக் கேள்வி. சீசருக்குச் சூடைமீன் தலை. தீவின் பெரிய மீனவக் கிராமம் இது; வெற்றி மாதா கோவிலுக்கு முன்னால் ஊர் நாய்கள் கூட்டமாக வரும். சீசர் தானாகவே பெட்டிக்குள் ஏறி, அங்கிருந்து எல்லாரையும் அதட்டும்.

இதற்குப் பிறகு ஊர்கள் ஐதாகின்றன. பனை, தண்டவாளம், அவ்வளவுதான். தலைமன்னார் ரயில் நிலையம் தாண்டிப் பியர். 1914இல் கொழும்பில் ரயிலேறியவர் இங்கே இறங்கிக் கப்பலேறி, தனுஷ்கோடியில் திரும்ப ரயிலேறி சென்னை போனார். ‘போட் மெயில்’ என்று இரு கரையிலும் பெயர். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு ‘இராமானுஜம்’ கப்பல் இராமேஸ்வரத்துக்குப் போய்வந்தது, எண்பதுகளின் நடுப்பகுதி வரை. அதே 1964 ஒக்ரோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எழுதியாகிவிட்டது: மலையகத் தமிழரில் 525,000 பேர் இந்தியாவுக்கு. தேயிலைத் தோட்டங்களிலிருந்து பெட்டியும் பாயுமாக வந்து, நாங்கள் ஒட்டி ஓடிய இந்தப் பாதையில்தான் அவர்கள் கடைசியாக இலங்கையைப் பார்த்தார்கள். மலையைப் பற்றிக் கேட்கும் அந்தத் தேத்தண்ணிக்கடை ஐயாவுக்கு அந்த ரயில்கள் நினைவிருக்கின்றன. சன்னலால் கையாட்டிய பிள்ளைகளுக்குப் பதிலுக்குக் கையாட்டியிருக்கிறாராம், எங்கே போகிறார்கள் என்று தெரியாமல்.

பழைய இறங்குதுறையின் கட்டைகள் கடலுக்குள் கொஞ்சத்தூரம் நடந்து நின்றுவிடுகின்றன. அதற்கு அப்பால் ஊருமலைப் பக்கம் கடற்படை. மணல் தீடைகள் அங்கிருந்து தனுஷ்கோடியை நோக்கி வரிசையாகப் போகின்றன, 30 கிலோமீற்றர் அளவில். 2022இல் பால்மாவும் மண்ணெண்ணெயும் கிடைக்காத மாதங்களில், வள்ளக்காரருக்குக் காசு கொடுத்துக் குழந்தைகளோடு புறப்பட்ட சனத்தில் சிலரை இறக்கிவிட்டது அந்தத் தீடைகளில்தான். இந்தியக் கரையோரக் காவல்படை வரும்வரை நிழலும் தண்ணீரும் இல்லாமல் நின்றார்கள்.

அங்கே சைக்கிள் போகாது, போகவும் விடமாட்டார்கள். வெயில் ஏறிவிடும். திரும்ப உழக்கினால் நாய்க்கு ஆகாது என்று பொடியன் சொல்வான். தனக்கு ஆகாது என்று சொல்லமாட்டான். ஆகவே மீன் இறக்கிவிட்டு வெறுமையாய்த் திரும்பும் பட்டா வாகனம் ஒன்றை நானா மறிப்பார்.

“எத்தின பேரு நானா?”

“நாலு பேரு, நாலு சைக்கிள், ஒரு நாய்.”

“நாய்க்கும் காசு எடுப்பன்.”

“அது முன்னுக்குத்தான் இருக்கும், பரவாயில்லையா?” என்று நானா கேட்டு முடிப்பதற்குள் சீசர் ஏறிவிடும்.