சாலி அத்தையின் நிம்மதி

பதினாறு வயதில் படித்தபோது ‘ஹக்கிள்பெரி ஃபின்’ எனக்கு ஆற்றுப் பயணக் கதை. வீட்டை விட்டு ஓடிவந்த வெள்ளைக்காரப் பையன் ஹக்கும், எசமானியிடமிருந்து தப்பிவந்த கறுப்பின அடிமை ஜிம்மும் மிசிசிப்பியில் தெப்பத்தில் போகிறார்கள். அடுத்து என்ன என்ற பரபரப்பில் ஒரு சாவைத் தாண்டிப் போயிருக்கிறேன். இருபது வருடம் கழித்து மறுபடி படித்தபோதுதான் அது கண்ணில் பட்டது.

தன்னை உறவுப் பையன் டாம் சாயர் என்று நினைத்து வரவேற்கும் சாலி அத்தையிடம், தாமதமாக வந்ததற்கு ஹக் ஒரு பொய் சொல்கிறான்: நீராவிப் படகில் ஏதோ வெடித்துவிட்டதாம். யாருக்காவது அடிபட்டதா என்று அவள் பதறுகிறாள். இல்லை, ஒரு கறுப்பன் செத்தான் என்கிறான். நல்லவேளை, சில சமயம் ஆட்களுக்கு அடிபட்டுவிடும் என்று அவள் நிம்மதியாகிறாள். அவள் கொடுமைக்காரி இல்லை. வந்த பிள்ளையைக் கட்டிக்கொண்டு கண்ணீர் விடுகிறவள். அதுதான் என்னை உலுக்குகிறது.

அந்தக் கணக்கில் ஆளாகச் சேராத ஜிம், தெப்பத்தில் ஒரு விடியற்காலையில் தன் நாலு வயது மகளை நினைத்து அழுகிறான். கடும் காய்ச்சலிலிருந்து தேறிய குழந்தை அவள். கதவைச் சாத்தச் சொல்லியும் சிரித்துக்கொண்டே நின்றாள் என்று அறைந்துவிட்டான். பிறகு காற்றில் அந்தக் கதவு அவள் முதுகுக்குப் பின்னால் படாரென்று சாத்தியது. அவள் அசையவில்லை. காது போயிருந்தது.

அடிமைகள் இருந்த மிசௌரியில் வளர்ந்த மார்க் ட்வைன், 1885இல் இந்த நாவலை அமெரிக்காவில் வெளியிட்டார். அடிமைமுறை ஒழிந்து அப்போது 20 ஆண்டுகள். கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல் இதில் 200 தடவைக்கு மேல் வருகிறது. 2011இல் ஒரு பதிப்பு அதை எடுத்துவிட்டு ‘அடிமை’ என்று போட்டது. வகுப்பறையில் அந்தச் சொல்லைக் கேட்கும் கறுப்பினப் பிள்ளையின் வலியை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆனால், சொல்லை மாற்றிய பிறகும் சாலி அத்தையின் நிம்மதி அப்படியேதான் இருக்கிறது.

கடைசி அத்தியாயங்களை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. எசமானி இறந்து இரண்டு மாதமாகிவிட்டது. உயிலில் ஜிம்மை விடுதலை செய்திருக்கிறாள். அது தெரிந்தும் ஹக்கின் நண்பன் டாம் சாயர், பிடிபட்ட ஜிம்மைச் சாலி அத்தை வீட்டுக் குடிசையில் அடைபட்டே கிடக்கவிட்டு, எலியும் பாம்பும் விட்டு விளையாடுகிறான். பொறுமையாகக் கைதியாக இருந்ததற்கு ஜிம்முக்கு அவன் கொடுப்பது 40 டாலர். முன்பு ராஜா என்று ஏமாற்றித் திரிந்த எத்தன் ஜிம்மைக் காட்டிக்கொடுத்து வாங்கியதும் அதே 40 டாலர்தான்.