இருமுறை கேட்கவேண்டிய கேள்வி

திருமணத்திற்குப் பெயர் பதிவோர் வேலையை விட்டுவிட்டுப் பங்கு இல்லத்துக்கு அலையும் சிரமத்தைக் குறைக்க எண்ணி, சில ஆண்டுகளுக்கு முன் நமது பங்கில் இணையப் படிவம் ஒன்றை ஏற்படுத்தினோம். கணினி கற்ற பங்கு இளைஞர் ஒருவர் அதனை அமைக்க முன்வந்தார். அவர் நம்மிடம் கேட்ட முதற் கேள்வி இது: "சுவாமி, எழுதியவை முறையானவைதாமா என்று எங்கே சோதிப்பது? நிரப்புகிறவரின் கைப்பேசியிலா, படிவம் வந்து சேரும் சர்வரிலா?"

விளக்கமும் அவரே தந்தார். கைப்பேசியில் சோதித்தால் பிழை உடனே தெரியும். 1995-இல் ஜாவாஸ்கிரிப்ட் மொழி தோன்றியபோது அதன் தொடக்ககாலப் பயன்களுள் இதுவும் ஒன்று. தொலைபேசிக் கம்பி வழியே இணையம் ஊர்ந்த அந்நாளில், விடுபட்ட ஒரு கட்டத்துக்காகப் படிவம் சர்வர்வரை போய்த் திரும்புவது பெருந் தாமதம். ஆயினும் அச்சோதனை நடப்பது பிறர் கருவியில். அது நம் ஆளுகைக்கு உட்பட்டதன்று. அதனை நிறுத்திவிடவும் கூடும். படிவத்தைத் திறவாமலே விவரங்களை நேரே சர்வருக்கு அனுப்பவும் கூடும். ஆகவே இரண்டிடத்திலும் சோதனை வேண்டும் என்று கூறி, இன்னும் ஒரு வாரம் தவணை கேட்டார்.

"நம் மக்கள் என்ன வஞ்சகரா, தம்பி? கைப்பேசிச் சோதனையே போதும்" என்று நாம் அவசரப்படுத்தினோம். அவர் பணிந்தார்.

சில மாதங்கள் கடந்தன. ஒரு ஞாயிறன்று, படிவத்தில் வந்த பெயர்களைக் கொண்டு முதல் ஓலை வாசித்தோம். பூசை முடிந்ததும் ஆசிரியை ஒருவர் சக்கிறீஸ்துக்கு வந்து, "சாமி, அந்தப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறதே!" என்றார். நாம் திகைத்துப்போனோம். படிவத்தை எடுத்துப் பார்த்தால், பிறந்த தேதி ஒளிவுமறைவின்றி எழுதப்பட்டிருந்தது. வயது பதினேழு.

வஞ்சகம் எதுவும் நேரவில்லை. வலுவற்ற சிக்னலில் பக்கம் மட்டும் வந்து, சோதிக்கும் நிரல் வந்து சேரவில்லை. படிவம் சோதனையின்றியே சென்றுவிட்டது. பெண்ணின் தந்தையோ, "தப்பா இருந்தா கம்ப்யூட்டரே சொல்லியிருக்குமே, சாமி" என்றார். அவர் கம்ப்யூட்டரை நம்பினார். நாமும் அதையே நம்பினோம். சான்றிதழ்களைப் பிறகு பார்க்கலாம் என்று விட்ட குற்றம் நம்முடையது.

பெண்ணுக்குப் பதினெட்டு, ஆணுக்கு இருபத்தொன்று என்பது 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் விதிக்கும் வயது. திருமணத்திற்குத் தடை ஏதுமில்லை என்பது முன்னரே உறுதிப்பட வேண்டுமென 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பும் (1066) பணிக்கிறது. தந்தையோடு அமர்ந்து பேசினோம். திருமணம் நின்றது, பிள்ளை தேர்வு எழுதினாள்.

அதன்பின் அந்த இளைஞரிடம் மன்னிப்புக் கேட்டு, படிவத்தைத் திருத்தினோம். இப்போது திருமண நாளன்று மணமக்களுக்கு என்ன வயதாகும் என்பதைச் சர்வரும் கணக்கிடுகிறது. குறை இருந்தால் இன்ன கட்டத்தில் இன்ன குறை என்று சொல்லித் திருப்புகிறது; நிரப்பிய மற்றவற்றை அழிப்பதில்லை. விதியை மாற்றினால் இரண்டிடத்திலும் மாற்றவேண்டும். இல்லையேல் ஒன்று ஏற்பதை மற்றொன்று மறுக்கும்.

கைப்பேசியில் நிகழும் சோதனை நிரப்புகிறவருக்கு நாம் செய்யும் உபசாரம். சர்வரில் நிகழும் சோதனை நமது கடமை. உபசாரம் செய்தமையால் கடமை தீர்ந்துவிடாது. அன்றியும், எழுதிய தேதி விதிக்குப் பொருந்துகிறதா என்பதையே சர்வர் அறியும். அது மெய்யான தேதியா என்பதை அறியாது. அதனை அறிய ஞானஸ்நான ஏடும் பிறப்புச் சான்றும் உள்ளன. அவற்றைப் பார்க்கும் பொறுப்பை எந்தக் கருவியின் தலையிலும் நாம் ஏற்றிவிட முடியாது.

இப்பொழுதெல்லாம் அவ்விரண்டையும் நம் கண்ணால் கண்ட பின்னரே ஓலை வாசிக்கிறோம்.